வேங்கட எல்லையில் உடற்பருமைச் சொற்கள்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம், இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து 2022இல் இம்மாவட்டம் அமைந்தது. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குகின்றன. உடற்பருமையைக் குறிக்கும் சொற்கள் இவ்விரு மொழிகளிலும் பொருள் மாறிய வரலாறு மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கதாகும்.

பழந்தமிழில் 'கொழு' என்பது செழுமையைக் குறித்தது. வளமிக்க குடி 'கொழுங்குடி' எனப்பட்டது. 'தட' என்பது பெருமைப் பொருள் தருவதெனத் தொல்காப்பிய உரியியல் கூறும். தெலுங்கில் 'லாவு' என்பதன் பழம்பொருள் வலிமை. போதனாவின் பாகவதத்தில் கஜேந்திரன் தன் வலிமை அற்றுப்போனதைக் கூறுமிடத்தில் இச்சொல் அப்பொருளிலேயே வருகிறது. இன்றைய பேச்சிலோ 'லாவு' பருமனைக் குறிக்கிறது. தமிழ்க் 'கொழுப்பு', அதன் இனச்சொல்லாகிய தெலுங்குக் 'கொவ்வு' ஆகிய இரண்டும் உடற்கொழுப்பையும் செருக்கையும் ஒருங்கே உணர்த்துகின்றன. 'தடியன்' வசைச்சொல்லாயிற்று. வளமும் வலிமையும் சுட்டியவை பழிப்புச் சுட்டுவனவாக இழிந்தன எனலாம்.

எனினும் பழிப்பற்ற வழக்குகள் மறையவில்லை. தமிழில் 'உடம்பு போடுதல்', தெலுங்கில் 'ஒள்ளு சேயடம்' (உடம்பு செய்தல்) என்பன மாற்றத்தை மட்டும் கூறுகின்றன, ஆளை எடைபோடுவதில்லை.

ஆடை வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. சேலையும் வேட்டியும் தைக்கப்படாதவை. ஒரே சேலை பல உடல்களுக்குப் பொருந்தும். தையற்காரரின் அளவுநாடா உடலுக்கேற்ப ஆடையை அமைத்தது. ஆயத்த ஆடையோ எஸ், எம், எல், எக்ஸ்எல் என முன்னரே வகுத்த அளவுகளில் உடலைப் பொருத்துகிறது. 'ஃப்ரீ சைஸ்' என்னும் பெயர் எல்லார்க்கும் பொருந்துவதுபோல் ஒலிப்பினும், அது குறிப்பது ஓர் அளவையே. 'ப்ளஸ் சைஸ்' என்பதும் நன்னூலார் கூறும் மங்கல வழக்கை ஒத்தது. இந்தியர்க்குரிய அளவு வரிசை வகுக்கத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்ட 'இந்தியாசைஸ்' திட்டம், சென்னை, ஹைதராபாத் உள்ளிட்ட 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண வருடியால் அளக்க வகுக்கப்பட்டதாகும்.

கடைக்காரர் 'இந்த அளவு இருப்பில் இல்லை' எனின் குறை கடையின்மேல் நிற்கும். 'உங்களுக்குப் பொருந்தாது' எனின் அதே குறை வாங்குவோர் உடல்மேல் ஏறும். செய்தி ஒன்றே, எழுவாய் மாறப் பழியின் இடமும் மாறுகிறது. 'குண்டானவர்களுக்கான ஆடை' என்பதில் அடைமொழி ஆளைச் சாரும். 'பெரிய அளவு ஆடை' என்பதில் துணியைச் சாரும். 'லாவு' என்பதைக் கண்டவுடன் 'குண்டு' எனப் பெயர்ப்பதும் பொருந்தாது. மறைத்துக் கூறுதலும் இழித்துக் கூறுதலும் இன்றி, மார்பு, இடுப்புச் சுற்றளவுகளை எண்ணால் தருவதே நேர்மையான மொழிபெயர்ப்பாகும்.