ஹல் இல்லமும் புலம்பெயர்ந்த தாய்மாரின் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி, கிரேக்கம், போஹீமியா, ருஷ்யப் பேரரசு ஆகிய பகுதிகளிலிருந்து அமெரிக்கத் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், புதிய மொழியைக் கடைசியாகக் கற்றவர் பெரும்பாலும் தாயாகவே இருந்தார். தந்தைக்குத் தொழிற்சாலையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆங்கிலத்தைப் பழக்கின. சமையலும் கைக்குழந்தையும் வீட்டிலிருந்தே செய்த தையற்கூலி வேலையுமாக நாளைக் கழித்த தாய்க்கு அதைச் சொல்லித்தர எவரும் இல்லை. இரவுப் பள்ளிகள் இருந்தன. ஆயினும், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருவது என்ற கேள்வியை அவை எண்ணிப் பார்த்ததில்லை.

அக்கேள்விக்கு விடை கண்ட நிறுவனங்களுள் சிகாகோவின் ஹல் இல்லம் தலைசிறந்தது. லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் 1884-இல் தோன்றிய டாய்ன்பீ மண்டபத்தை நேரில் கண்டு வந்த ஜேன் ஆடம்ஸ், தம் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து 1889 செப்டம்பரில் ஹால்ஸ்டெட் தெருவில் இதைத் தொடங்கினார். 'செட்டில்மெண்ட்' எனப்பட்ட இம்முறையில், கல்வி கற்ற வசதியுள்ளோர் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியமர்ந்து, அவர்களுக்கு அண்டைவீட்டாராக இருந்துகொண்டே கல்விப் பணியும் சமூகப் பணியும் ஆற்றினர். தொடக்கக் காலத்திலேயே இங்கு மழலையர் வகுப்பும், வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கான பகல்நேரக் குழந்தைகள் காப்பகமும் நிறுவப்பட்டன. இவை பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் என்றே பொதுவாகக் கூறப்படுகின்றன. ஆனால் தாய் ஒருத்தி ஒரு மணி நேரமாவது புத்தகத்தின் முன் அமர இவையே வழிசெய்தன என்பதால், பெண்கல்வி வரலாற்றில் காப்பகத்துக்கு வகுப்பறைக்கு நிகரான இடம் உண்டு.

எதைக் கற்பிப்பது என்பதில் ஹல் இல்லத்தாரும் தடுமாறினர். ஊட்டச்சத்து அறிவியலின்படி உணவு சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றை அவர்கள் 1893-இல் திறந்தபோது, அந்த நியூ இங்கிலாந்து சமையலின் சுவை அக்கம்பக்கத்தாருக்குப் பிடிக்கவில்லை. வந்தவர்கள் ஏற்கெனவே அறிந்ததைக் கணக்கில் கொள்ளாத போதனை எடுபடாது என்பதை இதிலிருந்து உணர முடிந்தது. இதற்கு நேர்மாறானது 1900-இல் உருவான தொழில் அருங்காட்சியகம். முதிய இத்தாலியப் பெண் ஒருவர் தெருவில் தக்களியால் நூல் நூற்பதைக் கண்ட ஆடம்ஸ், தக்களி முதல் நூற்பாலை இயந்திரம் வரையிலான வளர்ச்சியை வரிசைப்படுத்திக் காட்டும் கூடம் ஒன்றை அமைத்து, இத்தாலியரும் சிரியரும் ஐரிஷ்காரரும் ருஷ்யருமான பெண்களைச் சனிக்கிழமை மாலைகளில் அங்கே நூற்றுக்காட்ட அழைத்தார். கைக்குட்டையால் தலையை மூடிய தாயோடு ஒரே வாசலில் நுழைய நாணிய இத்தாலியச் சிறுமி ஒருத்தி, தாயின் நூற்புத்திறனைப் பார்வையாளர்கள் பாராட்டியதைக் கண்டபின் அவருடன் சேர்ந்தே வரத் தொடங்கினாள் என்று ஆடம்ஸ் தம் 1910-ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்துள்ளார். மாணவியாகும் முன் ஆசிரியையாக மதிக்கப்பட்டதே இத்தாய்மார் பெற்ற பெரும்பேறு எனலாம்.

பிற்காலத்தில் அரசுகளே இப்பணியில் இறங்கியபோது இம்மதிப்பு பெரிதும் குன்றியது. கலிஃபோர்னியா 1915-இல் இயற்றிய இல்ல ஆசிரியர் சட்டம், ஆசிரியைகள் வீடு தேடிச் சென்று தாய்மாருக்கு ஆங்கிலம், சுகாதாரம், உணவு தயாரிப்பு, குடிமைக் கடமைகள் ஆகியவற்றைக் கற்பிக்க வழிவகுத்தது. வகுப்புக்கு வர இயலாதவரைத் தேடிச் சென்றது இதன் சிறப்பு. அவருடைய அடுப்பங்கரையையே திருத்தப்பட வேண்டிய இடமாகக் கருதியது இதன் குறை.

தாய்மாரின் கல்விக்குச் சட்டரீதியான அவசரத்தை ஏற்படுத்தியது 1922-இன் கேபிள் சட்டம். 1855 முதல், கணவர் குடியுரிமை பெற்றால் மனைவியும் தாமாகவே குடிமகளாகும் நிலை இருந்தது. புதிய சட்டம் அத்தொடர்பை அறுத்ததால், ஒவ்வொரு பெண்ணும் தனியே விண்ணப்பித்து, 1906-ஆம் ஆண்டுச் சட்டம் கோரிய ஆங்கிலப் பேச்சறிவையும் தாமே மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. எனினும் ஆசியத் தாய்மாருக்கு எந்த வகுப்பும் இக்கதவைத் திறக்கவில்லை. இனத்தின் பெயரால் விதிக்கப்பட்ட தடை சீனருக்கு 1943-இலும் இந்தியருக்கு 1946-இலும்தான் நீங்கியது. கலிஃபோர்னியாவின் ஜப்பானியத் தாய் எவ்வளவு ஆங்கிலம் கற்றிருந்தாலும், அமெரிக்க மண்ணில் பிறந்து பிறப்பாலேயே குடியுரிமை பெற்ற தம் பிள்ளைகளுக்கு நடுவே 1952 வரை சட்டப்படி அயலாராகவே வாழ்ந்தார்.