உடலுக்கேற்ற உடையும் உள்ளத்துக் கலையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. ஆயின், குறையற்ற உடலையே அளவாகக் கொண்டு ஆடைகள் தைக்கப்படும்பொழுது, அவ்வளவுக்குள் அடங்காதோர் நிலை யாது? அவர்தம் ஆடை வெறும் மறைப்பாகத்தான் அமைய வேண்டுமா? மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரிடா காலோவின் வாழ்க்கை இவ்வினாவிற்குத் தக்க விடை பகர்கின்றது.

1907ஆம் ஆண்டு, மெக்சிகோ நகரை அடுத்த கொயோகானில் அவர் பிறந்தார். ஆறாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் வலக்கால் மெலிந்தது. பிள்ளைகளின் ஏளனத்திற்கு ஆளான அச்சிறுமி, கால் மெலிவு தெரியாதிருக்கக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தார். 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், அவர் சென்ற பேருந்து டிராம் வண்டியோடு மோதிற்று. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. அதன்பின் அறுவை மருத்துவமும், மாவுக்கட்டாலும் தோலாலும் எஃகாலும் செய்த உடற்கச்சுகளும் அவர் வாழ்வோடு பிணைந்துவிட்டன.

1929ஆம் ஆண்டு ஓவியர் டியேகோ ரிவேராவை மணந்த பின்னர், மெக்சிகோவின் தென்பகுதியிலுள்ள தெகுவாந்தெபெக் வட்டாரப் பெண்டிரின் உடையை அவர் பெரிதும் விரும்பி அணியலானார். 1910ஆம் ஆண்டில் தொடங்கிய புரட்சியின் விளைவாகத் தொல்குடி மரபுகளுக்கு மதிப்பு உயர்ந்திருந்த காலம் அது. ஆகவே, அவ்வுடை நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று.

எனினும், அதன் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். ‘உவிப்பில்’ எனப்படும் மேற்சட்டை குட்டையானது. நேர்வெட்டாகத் தைக்கப்பட்டுத் தளர்ந்து தொங்குவது. உடற்கச்சின்மேல் அணிவதற்கும் நாற்காலியில் நெடுநேரம் அமர்வதற்கும் அது இசைந்தது. நீண்ட பாவாடை மெலிந்த காலை மூடிற்று. கூந்தலில் சூடிய மலர்களும் கழுத்தணிகளும் காண்போர் கண்ணை மேல்நோக்கி ஈர்த்தன. தேவையும் அழகும் கொள்கையும் ஒரே தையலில் இணைந்தன.

ஆயினும், குறையை மறைப்பதே அவர்தம் முழு நோக்கம் எனக் கருதுதல் பிழையாகும். மருத்துவர் பூட்டிய மாவுக்கட்டுக் கச்சின்மீதே அவர் வண்ணந்தீட்டினார். தாம் நம்பிய பொதுவுடைமைக் கொள்கையின் அரிவாள் சுத்தியலையும் அதில் வரைந்தார். 1944ஆம் ஆண்டு தீட்டிய ‘முறிந்த தூண்’ என்னும் ஓவியத்தில், எஃகுக் கச்சணிந்த தம் உடலை ஒளிவின்றிக் காட்டினார். 1953ஆம் ஆண்டு அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. அப்பொழுது செய்யப்பெற்ற செயற்கைக்காலுக்குச் சீனப் பூந்தையல் பொலியும் சிவப்புக் காலணியைப் பூட்டினார். நோயாளியின் கருவி கலைஞரின் அணியாக மாறிற்று.

1954ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய உடைமைகள் ‘நீல இல்லம்’ எனப்பட்ட அவர் வீட்டிலேயே பூட்டிவைக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டில்தான் அவ்வறை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஆடை அணிகள் வெளிப்பட்டன. அவை 2012ஆம் ஆண்டு அவ்வில்லத்திலும், 2018ஆம் ஆண்டு இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டபொழுது, ஓவியத்திற்கும் உடைக்கும் இடையே அவர் வேலி இட்டதில்லை என்பது தெளிவாயிற்று.

தனியொருவர் தமக்கெனச் செய்துகொண்டதைப் பலருக்கும் உரியதாக்கும் முயற்சியும் அந்நூற்றாண்டிலேயே தோன்றிற்று. 1955ஆம் ஆண்டு, அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ஹெலன் குக்மன், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உடற்குறையுற்றோர்க்கான ஆடைகளை வகுக்கலானார். அணியவும் களையவும் எளிதாயிருத்தலோடு, பிறர் அணியும் நாகரிக உடைகளுக்குச் சற்றும் குறையாத தோற்றமும் அவற்றிற்கு வேண்டும் என்பது அம்முயற்சியின் உயிர்நாடியாகும்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. எளிதில் பூட்டும் பொத்தானையும் வசதியான வெட்டையும் தையற்கலைஞர் தரலாம், அவை இன்றியமையாதவை. ஆயின், எந்நிறம், எம்மலர், எச்சின்னம் என்று தேர்ந்து சொல்லும் உரிமை அணிபவருக்கே உரியது. அவரைக் கேளாமல் தைத்த ஆடை உடலுக்குப் பொருந்தினும் உள்ளத்திற்குப் பொருந்தாது. நாளை ஊசியும் நூலும் ஏந்தவிருக்கும் மாணவர், அளவெடுக்கும் முன்னர் அணிபவரின் விருப்பத்தைக் கேட்கப் பழகுவாராக. அப்பொழுதே, ‘ஆடை பாதி’ என்ற சொல் அனைவர்க்கும் உரிய சொல்லாகும்.