பரணிக் காளியும் படக் காளியும்

கலிங்கப் போருக்கான ஆணை பிறந்த இடம் காஞ்சி. முதற் குலோத்துங்கன் அந்நகரில் தங்கியிருந்தபோதே கலிங்க மன்னன் திறை செலுத்தாத செய்தி எட்டியதென்றும், கருணாகரத் தொண்டைமான் படை நடத்திச் சென்றானென்றும் செயங்கொண்டார் பாடுகிறார். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பரணியில் போரை முழுவதும் கேட்டறிபவள் காளி. ஏனாத்தூரை உள்ளடக்கிய காஞ்சி வட்டாரத்திற்கு இச்சினமுடைய தெய்வம் புதியவள் அல்லள். காமாட்சியே உக்கிர வடிவினளாய் இருந்து, ஆதிசங்கரர் நிறுவிய ஸ்ரீசக்கரத்தால் சாந்தமுற்றாள் என்பது இத்தலத்தின் மரபு.

பரணியின் காளி வாழ்வது வெந்து தகிக்கும் பாலையில். அவள் கோயில் முன் வீரர் தம் தலையைத் தாமே அரிந்து வைக்கின்றனர். அரிந்த தலை அவளைப் பரவுகிறது. இது வெறுங் கற்பனையன்று. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்தில் கொற்றவையின் திருவடிக்கருகே தன் தலையை அரியத் துணிந்த அடியவனைப் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்துள்ளான். பிறன் உயிரைப் பறித்துக் கொடுப்பது வேறு. தன் உயிரைத் தானே ஈவது வேறு. இவ்வேறுபாடே ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வேறுபாட்டை அழித்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டினர். வட இந்தியப் பெருவழிகளில் பயணிகளை நெரித்துக் கொன்று கொள்ளையிட்ட கூட்டத்தாரைக் கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன் வேட்டையாடினார். தண்டனைக்கு அஞ்சி அரசுத்தரப்புச் சாட்சிகளாக மாறியவர்களின் வாக்குமூலங்களை வைத்து அவர் 1836-இல் நூலொன்று வெளியிட்டார். வழிப்பறி அங்கே சமயமாயிற்று. கொலைக்குக் காரணம் காளி என்றாயிற்று. அக்கூட்டங்களில் முஸ்லிம்களும் பலர் இருந்தமை இவ்விளக்கத்திற்கு இடையூறாகவே இல்லை! அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மெய்ப்பித்தாலே ஒருவனை ஆயுள் முழுதும் சிறையிட வழி செய்தது. அவன் எந்தக் கொலையைச் செய்தான் எனக் காட்ட வேண்டியதில்லை. மரபு வழிப்பட்ட கொலைச் சமயம் என்னும் நம்பிக்கைக்கு இச்சட்டத்தில் பங்குண்டு. கொல்லப்பட்ட பயணிகள் பொய்யல்லர். ஆனால் குற்றவாளிகளுக்கு முன்பே தெய்வம் தண்டிக்கப்பட்டுவிட்டது.

1839-இல் பிலிப் மெடோஸ் டெய்லர் எழுதிய நாவல் அக்கதையை இங்கிலாந்தின் இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தது. சரியாக நூறாண்டு கழித்து ஹாலிவுட்டின் 'கங்கா தின்' படத்தில் தக்கர் மீண்டும் எழுந்தனர். 1984-இல் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' எல்லையைக் கடந்தது. உயிரோடிருப்பவன் மார்பைக் கையால் துளைத்து இதயத்தைப் பறிக்கும் பூசாரியாக அம்ரீஷ் பூரி தோன்றினார். இந்து சமயத்தின் எச்சடங்கிலும் அப்படியொரு வழக்கம் இல்லை. கதையில் மாற்றங்கள் வேண்டுமென இந்திய அரசு கேட்டதனால் வெளிப்புறக் காட்சிகள் இலங்கையின் கண்டிப் பகுதியில் படமாயின.

இதற்கு மறுமொழியாகக் காளியை மென்மையே உருவானவள் என்று மெழுகுவதும் பிழையாம். பரணி பாடுவது பேரழிவை. கலிங்கத்தார் பிணங்கள் அங்கே உலைக்கு அரிசியாகின்றன.  ஆயினும் அப்பெருங் கோரத்தின் நடுவே செயங்கொண்டார் நகைக்கவும் செய்கிறார். பசியால் வாடும் பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. அவள் கேட்கிறாள், இமயத்திலிருந்து மீண்ட முதுபேயை வினவுகிறாள், போர் முடிந்ததும் களத்தைக் காண எழுகிறாள், கூழ் அடுமாறு பணிக்கிறாள். குருட்டுப் பேய்க்கும், ஊமைப் பேய்க்கும், கருவுற்ற பேய்க்கும் கூழ் வார்க்கப்படுகிறது. 1984-ஆம் ஆண்டுப் படத்தின் காளியோ பாதாளக் கோயிலில் நிற்கும் ஒரு சிலை. படம் முழுவதும் அவளுக்கு ஒரு சொல்லும் இல்லை.