நைலின் கால்வாய்களும் பில்ஹார்ஸியாவும்

பண்டை எகிப்தின் 20ஆம் அரச மரபுக் காலத்து மம்மிகள் இரண்டின் சிறுநீரகங்களை ஆராய்ந்த மார்க் அர்மண்ட் ரஃபர் என்னும் மருத்துவர், அவற்றுள் சுண்ணமாய் இறுகிய புழு முட்டைகளைக் கண்டதாக 1910இல் அறிவித்தார். அவர் காலத்து எகிப்திய உழவர்களின் சிறுநீரிலும் அதே இனப் புழுவின் முட்டைகள் குருதியோடு வெளியேறிக்கொண்டிருந்தன. அரபு மருத்துவ நூல்கள் 'பவ்லுத் தம்' என வழங்கும் குருதிச் சிறுநீர், நைல் கரையில் அந்த அளவுக்குப் பழைய நோய்.

புழுவை முதலில் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ் என்னும் இளம் ஜெர்மானியர். கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில், 1851இல், பிணப் பரிசோதனையின்போது கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் தட்டைப்புழுக்களைக் கண்டார். இன்று அரபு மொழியில் வழங்கும் 'பில்ஹார்ஸியா' என்னும் சொல் அவர் பெயரிலிருந்து பிறந்ததே. ஆயினும் புழு உடலுக்குள் நுழையும் வழி நெடுங்காலம் விளங்கவில்லை. 1915இல் பிரிட்டிஷ் படைத்துறை அனுப்பிய ராபர்ட் லைப்பர், கெய்ரோவை அடுத்த அல்மர்ஜ் சிற்றூரில் ஆராய்ந்து அதனைத் துலக்கினார். நோயாளியின் சிறுநீரிலோ மலத்திலோ வெளிப்படும் முட்டை நன்னீரில் பொரிக்கிறது. குஞ்சுப்புழு ஒருவகை நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பின்னர் வால் கொண்ட நுண்புழுக்களாக நீரில் நீந்தி, அந்நீரில் நிற்போரின் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. அந்நீரைக் குடிக்கவும் வேண்டியதில்லை. கால் நனைத்தாலே போதும்.

இங்கேதான் மருத்துவ வரலாறு நீர்ப்பாசன வரலாறாகிறது. பழைய முறையில், கோடையிறுதியில் பெருகும் நைல் வெள்ளம் வயற்பாத்திகளில் சில வாரங்கள் தேங்கி வடியும். பிறகு நிலம் மாதக்கணக்கில் காய்ந்து வெடிக்கும். நத்தைகளில் பெரும்பகுதி மடியும். முஹம்மத் அலீ பாஷா (ஆட்சி 1805–1848) பருத்திக்காக ஆழமான கோடைக்கால்வாய்களை வெட்டுவித்தார். 1902இல் அஸ்வானில் அணை எழுந்தது. 1970இல் பேரணை முற்றுப்பெற்றது. ஆண்டு முழுவதும் நீர் கிடைத்தது, உழவருக்கும் நத்தைக்கும். ஜே. ஆலன் ஸ்காட் 1937இல் வெளியிட்ட கணக்கின்படி, பழைய பாத்திப் பாசனப் பகுதிகளில் நூற்றுக்குச் சுமார் 5 பேரிடம் காணப்பட்ட இந்நோய், ஆண்டு முழுவதும் பாசனம் பெற்ற பகுதிகளில் சுமார் 60 பேரிடம் காணப்பட்டது. பருத்தி விலையைக் கணக்கிட்ட எந்த அரசும் இதனைச் செலவுக் கணக்கில் எழுதவில்லை.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நீர்த்துறைகளில் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரியதாக்கும் அறிவிப்பை அபூதாவூத் தருகிறார். இவற்றை வைத்து நுண்ணோக்கியின் கண்டுபிடிப்பை முன்கூட்டியே உரிமை கொண்டாடுவோர் உண்டு. நாம் அவ்வழி செல்லவில்லை. நம் சிந்தனைக்குரியது வேறொன்று. எகிப்திய உழவர் உளூச் செய்ததும் அதே கால்வாயில்தான். நிறமும் சுவையும் மணமும் மாறாத ஓடுநீர் தூய்மையானது என்பது ஃபிக்ஹின் அளவுகோல். நுண்புழு நீந்தும் நீரில் இம்மூன்றும் மாறுவதில்லை. தாஹிரான நீர் வேறு, தீங்கற்ற நீர் வேறு. வேறு நீரில்லாத ஊரில், தடையை மீறியவன் ஒருவனாகவும் நோயுற்றவன் உளூச் செய்தவனாகவும் இருந்தது பலமுறை நிகழ்ந்திருக்கும். ஷர்கிய்யா மாகாணச் சிற்றூரில் பிறந்து, அரபுலகம் முழுவதும் புகழ்பெற்ற பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ், சிறுவயதில் பற்றிய இந்நோயால் கல்லீரல் கெட்டு 1977இல் இலண்டனில் இறந்தார்.

1918இல் கார்த்தூமில் கிறிஸ்டோபர்சன் என்னும் மருத்துவர், ஆன்டிமனி உப்பை நரம்பூசியாகச் செலுத்தினால் புழு மடிவதைக் காட்டினார். எகிப்து அம்மருத்துவத்தை ஊர்ஊராகக் கொண்டு சென்றது. ஒருவருக்குப் பல வாரங்களில் பத்துக்கு மேற்பட்ட ஊசிகள். 1964 முதல் 1982 வரை மட்டும் ஆண்டுதோறும் 20 இலட்சத்துக்கு மேல் ஊசிகள் போடப்பட்டன. கண்ணாடிச் சிரிஞ்சுகள் ஒருவருக்குப் பின் ஒருவருக்குப் பயன்பட்டன. வரிசையின் நீளம் கொதிநீருக்கு நேரம் விடவில்லை. அந்த ஊசி வழியே கண்ணுக்குத் தெரியாத வேறொன்று உடல்விட்டு உடல் சென்றது. ஹெப்படைடிஸ் சி என்னும் அவ்வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஊசி மிகுதியாகப் போடப்பட்ட தலைமுறைகளிலும் வட்டாரங்களிலும் அத்தொற்றும் மிகுந்திருப்பதை 2000இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 2008ஆம் ஆண்டின் அளவாய்வில், 15 முதல் 59 வயதுடையோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் குருதியில் அதன் தடயம் இருந்தது.

அந்த ஊழியர்களைக் குற்றவாளிகள் என்று எழுதுவது எளிது. நமக்கு அது நீதியாகத் தோன்றவில்லை. கையிலிருந்த ஒரே மருந்தை ஏழை உழவரின் வாசலுக்குக் கொண்டுசென்றவர்கள் அவர்கள். ஆனால் ஊசிகளின் எண்ணிக்கையைச் சாதனையாகப் பதிந்த நிர்வாகம், சிரிஞ்சுகளின் எண்ணிக்கையையும் கேட்டிருக்க வேண்டும்.

1980களில் விழுங்கும் மாத்திரையான பிராசிகுவான்டெல் வந்து ஊசியை அகற்றியது. புழுநோய் பெரிதும் தணிந்தது. வைரஸுக்கு எதிராக 2018, 2019இல் எகிப்து ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்து, நோயுற்றோருக்கு இலவச மருந்து அளித்தது. அத்தொற்றை ஒழிக்கும் பாதையில் 'தங்க நிலை' அடைந்த முதல் நாடு என உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் எகிப்தை அறிவித்தது. அவ்வறிவிப்பு வருமுன்பே, ஊசி வரிசையில் நின்ற தலைமுறையில் பலர் கல்லீரல் சுருங்கி அடக்கத்தலம் சேர்ந்திருந்தனர்.