மறதி சென்ற வழி

டயகமவில் இளமையிற் கொழுந்து பறித்த மலைகளை மறவாத மூதாட்டி, காலையில் உண்டதை மறந்துவிடக்கூடும். இது முதுமையின் இயல்பென்றே உலகம் நெடுங்காலம் எண்ணியது.

1906ஆம் ஆண்டில், 55 வயதில் மறதியுற்று இறந்த பெண்ணொருத்தியின் மூளையை ஜேர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும், உள்ளே முறுகிய இழைகளையும் கண்டார். அவை முறையே அமிலாயிட், டௌ என்னும் புரதங்களென்பது 1980களில் தெளிவாயிற்று.

டௌ இழைகளின் வழியை 1991இல் பிராக் தம்பதியர் வகுத்துரைத்தனர். நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக, புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதியில் அவை தொடங்குகின்றன. மொழிக்கும் சிந்தனைக்கும் உரிய மூளைப்புறணிக்குப் பின்னரே பரவுகின்றன. ஆதலின் அன்றாட நிகழ்ச்சி முதலில் மறைகிறது. பழைய நினைவு நெடுநாள் நிற்கிறது.

கேட்டதையே அவள் மீண்டும் கேட்பது பிடிவாதமன்று, நோய். அவளுக்கு வேண்டியது வைத்தியமும் பரிவுமே, கடுஞ்சொல் அன்று.