நடுவரில்லா ஆடுகளம்

தன் குற்றத்திற்குத் தானே தீர்ப்பளித்துத் தன் கையைத் தானே துணித்துக்கொண்ட பாண்டியனின் கதையைத் தமிழ் மாணவர் நன்கறிவர். நள்ளிரவில் கீரந்தை வீட்டுக் கதவைத் தட்டியவன் யார் என்பதை அவனையன்றி அறிந்தார் எவருமிலர். அவனைத் தண்டிக்க வல்லாரும் நாட்டில் இலர். ஆயினும் அவன் நெஞ்சு அறிந்திருந்தது. பொன்னாற் செய்த கை அவனுக்குப் பெயராயிற்று, அப்பெயர் புகழாயிற்று.

அரச வாழ்வில் அரிதினும் அரிதாய் நிகழ்ந்த இச்செயலை, ஒரு விளையாட்டு தன் அன்றாட நடைமுறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதுவே கோல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டம். காற்பந்தாட்டத்தில் ஊதுகுழலோடு நடுவர் ஓடுகிறார். கிரிக்கெட்டில் இரு நடுவர்கள் நிற்கின்றனர். குழிப்பந்தாட்டத்திலோ, பெரும் போட்டிகள் நீங்கலாக, நடுவர் என்று ஒருவர் இல்லை. புதர், மணற்குழி, நீர்நிலை என விரிந்து கிடக்கும் பதினெட்டுக் குழிகளைக் கொண்ட திடலில், தன் பந்தைத் தானே தேடித் தானே அடித்துத் தன் அடிகளைத் தானே எண்ணுபவன் ஆட்டக்காரன். தவறிழைத்தால் தண்டனை அடியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியவனும் அவனே. இத்தகைய ஆட்டத்தில், பொருள் கருதாது பொழுதுபோக்காக ஆடுவோரிடையே நேர்மை எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு வழுவியது என்னும் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது.

தடையிற் பிறந்த ஆட்டம்

இவ்வாட்டத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு தடையாணை என்பது வியப்பிற்குரியது. 1457ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில், குழிப்பந்தும் காற்பந்தும் ஆடலாகாது, மக்கள் விற்பயிற்சியே மேற்கொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1471லும் 1491லும் மீண்டும் அதே தடை விதிக்கப்பட்டது. ஒரே தடையை மும்முறை விதிக்க நேர்ந்ததென்றால், மக்கள் அதனை மதிக்கவில்லை என்பது தெளிவு. ஆக, விதியைக் காத்துப் புகழ்பெற்ற இவ்வாட்டம் விதியை மீறியே பிறந்தது எனலாம்.

ஆட்டத்திற்கெனத் தனி விதிகள் எழுதப்பட்டது 1744ஆம் ஆண்டில். எடின்பரோ நகர மன்றம் வெள்ளியாலான மட்டை ஒன்றைப் பரிசாக அளித்தது. அப்போட்டிக்காக லீத் திடலில் ஆடிவந்த பெருமக்கள் பதின்மூன்று விதிகளை வகுத்தனர். அத்திடலில் அன்று இருந்தவை ஐந்தே குழிகள். முதற்பரிசு பெற்றவர் ஜான் ராட்ரே என்னும் அறுவை மருத்துவர்.

அவ்விதிகள் மிக எளியவை. பந்தை மாற்றலாகாது, பந்து நீரில் விழுந்தால் எதிரிக்கு ஓரடி விட்டுக்கொடுக்க வேண்டும், பந்து தொலைந்தால் முன்னடித்த இடத்திற்கே திரும்பி வேறு பந்தை அடித்து, எதிரிக்கு ஓரடி தரவேண்டும், மனிதனோ குதிரையோ நாயோ பந்தைத் தடுத்துவிட்டால், கிடந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். மாணவர்கள் தோண்டிய குழிகளைப் பற்றியும் போர்வீரர் வெட்டிய அகழிகளைப் பற்றியும்கூட ஒரு விதி உண்டு. ஆனால், ‘பொய் சொல்லாதே’ என்றொரு விதி இல்லை. ஒவ்வோர் அடிக்கும் எதிரி அருகிலேயே நின்றான். தண்டனை என்பதும் அவனுக்கே விட்டுக்கொடுக்கும் ஓரடியாக இருந்தது. எனவே, எதிரியின் கண்ணே அன்று நடுவர் பணியை ஆற்றிற்று.

எதிரியின் கண்ணும் தன் நெஞ்சும்

1759ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இருவர் மோதி யார் மிகுதியான குழிகளை வென்றார் என்று பார்ப்பதற்கு மாறாக, திடல் முழுவதையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வென்றவர் என்னும் முறை அங்கே புகுத்தப்பட்டது. சச்சரவுகளைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். விளைவோ பெரிது. முன்னர் ஒருவனுக்கு எதிரி ஒருவனே. அவனும் பக்கத்திலேயே இருந்தான். இப்பொழுது திடலில் ஆடும் அனைவரும் எதிரிகள். அவர்களுட் பெரும்பாலோர் கண்ணுக்கெட்டாத தொலைவில் ஆடுகின்றனர். புதருக்குள் ஒருவன் பந்தைக் காலால் நகர்த்தினால், இழப்பு அடைபவன் அதனை அறியவே மாட்டான்.

இக்குறையை நீக்கவே, ஒருவர் எண்ணிக்கையை உடன் ஆடும் மற்றொருவர் குறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. இருவரும் அட்டையிற் கையொப்பமிட வேண்டும். உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் குறித்து ஒப்பமிட்டவர் போட்டியினின்றும் நீக்கப்படுவார். கூடுதலான எண்ணுக்கு ஒப்பமிட்டாலோ அவ்வெண்ணே நிலைக்கும். 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில், அர்ஜென்டினாவின் தொழில்முறை ஆட்டக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்றடியில் முடித்தார். உடன் ஆடியவர் தவறுதலாக நான்கு என்று குறித்தார். அதனைக் கவனியாது ஒப்பமிட்டமையால் ஓரடி கூடிற்று. பாப் கோல்பிக்குச் சமமாக நிற்க வேண்டியவர் ஓரடியால் பின்தங்கினார். பார்வையாளர் அனைவரும் உண்மையைக் கண்டிருந்தும், தான் ஒப்பமிட்ட சொல்லுக்கு அவரே பொறுப்பாளரானார்.

ஓரடியின் விலை

பொழுதுபோக்காளர் வரலாற்றில் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவர் பாபி ஜோன்ஸ். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இவர் சட்டம் பயின்றவர். தம் பெரும் வெற்றிகள் அனைத்தையும் பொழுதுபோக்காளராகவே பெற்றவர். 1930ஆம் ஆண்டில் நான்கு பெரும்பட்டங்களையும் ஒருசேர வென்று, இருபத்தெட்டாம் வயதிற் போட்டியாட்டத்தினின்றும் விலகினார்.

அவர் பிறவியிலேயே பொறையுடையவராக இருந்தார் என்று கருத வேண்டா. 1921ஆம் ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில், பத்தொன்பது வயது இளைஞராகிய அவர், ஆட்டம் கைகூடாத சினத்தில் மூன்றாம் சுற்றின் இடையிலேயே போட்டியைக் கைவிட்டார். அச்செயலுக்காகப் பின்னர் வருந்தினார். தன்னையே நொந்து திருந்தியவரின் நேர்மையே பிறகு உலகறிந்ததாயிற்று.

1925ஆம் ஆண்டு, மாசச்சூசெட்சிலுள்ள வொர்செஸ்டர் திடலில் அமெரிக்கப் பொதுப்போட்டி நடைபெற்றது. முதற்சுற்றில், பதினோராம் குழியருகே புல்லடர்ந்த இடத்திற் கிடந்த பந்தை அடிக்க ஜோன்ஸ் மட்டையை வைத்தார். மட்டை புல்லிற் பட்டது. பந்து சற்றே அசைந்தது. உடன் ஆடியவரும் காணவில்லை, அதிகாரிகளும் காணவில்லை. தம் பந்து அசைந்ததென்று ஜோன்ஸ் தாமே முன்வந்து கூறினார். முடிவை அவரிடமே விட்டனர். அவர் தமக்கு ஓரடி தண்டனை விதித்துக்கொண்டார்.

நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லி மக்பார்லேனும் 291 அடிகளோடு சமநிலையில் நின்றனர். அந்த ஓரடி இல்லையெனில் ஜோன்ஸ் அப்பொழுதே வென்றிருப்பார். மறுஆட்டத்தின் முதற் பதினெட்டுக் குழிகளிலும் இருவரும் 75 அடிகள் எடுத்துச் சமமாயினர். இரண்டாம் பதினெட்டில் மக்பார்லேன் 72, ஜோன்ஸ் 73. ஓரடியால் வந்த மறுஆட்டத்தை ஓரடியாலேயே அவர் இழந்தார். அடுத்த ஆண்டு ஸ்கியோடோ திடலில், குழியைச் சூழ்ந்த செம்புல்தரையிற் பந்து அசைந்தபோதும் அவ்வாறே தம்மைத் தண்டித்துக்கொண்டார். அம்முறை பட்டம் அவருக்கே கிட்டிற்று. நேர்மையாளர் எப்பொழுதும் தோற்பர் என்பதும் இல்லை. எப்பொழுதும் வெல்வர் என்பதும் இல்லை.

இருவகைப் பொய்

இனி, விதி மீறலின் பக்கத்தைக் காண்போம். புதருக்குள் பந்தைக் காலால் தள்ளுவது, தொலைந்த பந்து கிடைத்துவிட்டதாகக் கூறிச் சட்டைப்பையிலிருந்து வேறொரு பந்தை நழுவவிடுவது, ஏழடியை ஆறடியென்று ‘மறந்துபோவது’ ஆகியவை யாவரும் அறிந்தவை. நண்பர்கள் தம்முள் ஒப்பி, கெட்டுப்போன முதலடியை மீண்டும் அடிக்க இசைவதுண்டு. இதற்கு ‘மல்லிகன்’ என்பது பெயர். விதிநூலில் இதற்கு இடமில்லை. ஆயினும், நால்வர் அறிந்து இசைந்த சலுகை வேறு. அச்சலுகையால் வந்த எண்ணை உண்மை எண்ணாக அட்டையில் எழுதி நீட்டுவது வேறு. முன்னது விளையாட்டு, பின்னது பொய்.

இவற்றினும் நுட்பமானது ‘ஹேண்டிகேப்’ எண்ணைச் சார்ந்த பொய்யாகும். வல்லாரும் மெல்லாரும் சமமாக ஆடும் பொருட்டு, மெல்லாருக்கு அவர்தம் திறனுக்கேற்பச் சில அடிகளைக் கழித்துக்கொடுக்கும் முறை இது. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழிப்பந்துச் சங்கம் இதனை நாடு முழுமைக்கும் வகுத்தது. எண் குறைந்தால் ஆட்டக்காரர் வல்லவர் என்பது பொருள். பெருமையை விரும்புவோன் தன் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறான். பரிசை விரும்புவோன் கூட்டிக் காட்டுகிறான். ஒரே எண்ணை ஒருவன் தற்பெருமையாற் குறைக்கிறான். மற்றவன் பேராசையாற் கூட்டுகிறான். முதல்வன் ஏமாற்றுவது பெரும்பாலும் தன்னைத்தான். இரண்டாமவன் பிறரை ஏமாற்றுகிறான்.

பின்னதன் கொடுமை 1955ஆம் ஆண்டு வெளிப்பட்டது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் டீப்டேல் சங்கத்தில் ஒரு போட்டி நடந்தது. அங்கே ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டும் சூதாட்டமும் உடன் நடந்தது. குதிரைப் பந்தயச் சூதோடு தொடர்புடைய நகரப் பெயரால் அதனைக் ‘கல்கத்தா’ என்றழைப்பர். 17, 18 என்னும் எண்களோடு வந்த இருவர் எளிதில் வென்றனர். ஆராய்ந்தபோது இருவரும் அவ்வெண்களுக்குத் தொடர்பேயில்லாத தேர்ந்த ஆட்டக்காரர் என்பதும், ஒருவர் வேற்றுப் பெயரில் ஆடினார் என்பதும் வெளியாயின. அமெரிக்கக் குழிப்பந்துச் சங்கம் இத்தகைய சூதாட்டத்தை வன்மையாகக் கண்டித்தது. பணம் புகுந்த இடத்தில் நம்பிக்கை மட்டும் காவலாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2020ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகப் பொதுமுறை, இறுதி இருபது ஆட்டங்களுட் சிறந்த எட்டைக் கொண்டே அவ்வெண்ணைக் கணிக்கிறது. ஆயினும், அவ்விருபது எண்களையும் உண்மையாகப் பதிய வேண்டியவர் ஆட்டக்காரரே. கணக்கு எத்துணை நுட்பமாயினும், அதன் அடியில் இருப்பது ஒருவர் வாய்ச்சொல்லே.

வேலிக்கு அப்பால்

இந்நேர்மையைப் புகழும்போது, அது எத்தகைய வேலிக்குள் வளர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது. மாசச்சூசெட்சில் மட்டைப் பை சுமந்து வளர்ந்த எளிய குடும்பத்து இளைஞர் பிரான்சிஸ் விமெட், 1913ஆம் ஆண்டு, இருபது வயதில், புகழ்மிக்க ஆங்கில ஆட்டக்காரர் இருவரை வென்று அமெரிக்கப் பொதுப்பட்டம் பெற்றார். அவர் விளையாட்டுப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டார் என்னும் காரணத்தால், 1916இல் அவருடைய பொழுதுபோக்காளர் தகுதி பறிக்கப்பட்டது. 1918இல் அத்தகுதி மீண்டது. செல்வர்க்குச் சுமையாகாத விதி, உழைத்துண்பவர்க்குத் தளையாயிற்று. அதே விமெட் 1951இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் சங்கத்திற்குத் தலைவரானார். அப்பதவி பெற்ற முதல் அமெரிக்கர் அவரே.

வெள்ளையரே உறுப்பினராகலாம் என்னும் விதியை அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் 1961 வரை விட்டொழிக்கவில்லை. ராயல் அண்ட் ஏன்ஷியண்ட் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவு செய்தது 2014இல்தான். 1744இல் முதல் விதிகளை எழுதியோரின் வழிவந்த மூர்பீல்டு சங்கமோ 2016 வாக்கெடுப்பில் பெண்களை மறுத்து, 2017இல்தான் இசைந்தது. சிங்கப்பூரில் 1891இலும் சிலாங்கூரில் 1893இலும் தோன்றிய குழிப்பந்துச் சங்கங்களும் குடியேற்ற ஆட்சியினரின் பொழுதுபோக்காகவே தொடங்கின. ஓரடியை மறைப்பது இழுக்கு என்று கருதியவர்கள், சக மனிதனுக்குக் கதவடைப்பதை இழுக்கென்று நெடுங்காலம் கருதவில்லை. விதியைக் காப்பது நேர்மையின் ஒரு பாதி. விதி நேரியதா என்று கேட்பது மறுபாதி.

விதிகளின் புதுமுகம்

2019ஆம் ஆண்டு விதிநூல் பெரிதும் திருத்தப்பட்டது. 34 விதிகள் 24 ஆயின. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்தினின்று மூன்றாகக் குறைந்தது. செம்புல்தரையில் தற்செயலாய்ப் பந்து அசைந்தால் இன்று தண்டனை இல்லை. ஆகவே, ஸ்கியோடோவில் ஜோன்ஸ் ஏற்ற தண்டனை இன்றைய விதிப்படி வேண்டாதது. வொர்செஸ்டரில் ஏற்றதோ இன்றும் வேண்டுவதே. விதிகள் காலத்தோடு மாறும். அந்தந்தக் காலத்து விதிக்குத் தன்னை உட்படுத்தும் மனமே மாறாதது.

1744இல் எழுதப்படாத ஒன்று இன்று எழுதப்பட்டுள்ளது. ஆட்டக்காரர் நேர்மையோடு நடக்க வேண்டும், தமக்குரிய தண்டனையைத் தாமே ஏற்க வேண்டும் என்று விதிநூலின் தொடக்கமே கூறுகிறது. ஒரு விதியைப் பொருட்படுத்துவதில்லை என்று இருவர் அறிந்து கூடி இசைந்தால், இருவரும் நீக்கப்படுவர். எழுத வேண்டாத அளவு இயல்பாயிருந்தது, எழுதியாக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டதே என்று சிலர் வருந்தலாம். அன்று எதிரி அருகில் நின்றான் என்பதையும், இன்று உலகெங்கும் முன்பின் அறியாதார் ஒருவரோடொருவர் ஆடுகின்றனர் என்பதையும் எண்ணினால், அவ்வருத்தம் தேவையில்லை என்பது விளங்கும்.

கள்ளாமையை ஓர் அதிகாரமாகவும் அதனையடுத்து வாய்மையை ஓர் அதிகாரமாகவும் வள்ளுவர் வைத்தார். பிறர் பொருளைக் கவராத கையும் பொய் கூறாத நாவும் அண்டை வீட்டார் போலும்! குழிப்பந்து அட்டையில் ஓரடியைக் குறைப்பவன் பொய் சொல்கிறான். அதே வேளையில் பிறனுக்குரிய வெற்றியையும் கவர்கிறான். தேர்வுக் கூடத்திற் கண்காணிப்பாளர் இருக்கும்வரை நேர்மையாக எழுதும் மாணவன் விதியைக் கற்றவன். அவர் வெளியே சென்றபின்னும் அவ்வாறே எழுதுபவன் கல்வியைக் கற்றவன். முன்னவனைப் பின்னவனாக்குவதே பள்ளியின் பணி.

விளையாட்டுப் பண்பிற்காக அமெரிக்கக் குழிப்பந்துச் சங்கம் 1955 முதல் வழங்கும் விருது, பாபி ஜோன்சின் பெயரைத் தாங்கியுள்ளது. 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரமும், தான் ஒருகால் அவர் சினத்தைக் கண்டதை மறந்து, நகருரிமை வழங்கிச் சிறப்பித்தது. ஆனால், அந்த ஓரடிக்காகத் தம்மைப் பிறர் புகழ்ந்தபோது அவர் மகிழவில்லை. வங்கியைக் கொள்ளையிடாமல் இருந்ததற்காக ஒருவனைப் புகழ்வது போன்றதே அப்புகழ்ச்சி என்று அவர் மறுத்துவிட்டதாகக் கூறுவர். நேர்மையைச் சாதனையாகக் கருதாது இயல்பாகக் கருதியமையே அவர்தம் பெருமை.