கழனியும் பள்ளிப் பந்தியும்

விளைந்த பண்டம் விலைபோகாது அழிய, அதன் அருகிலேயே மக்கள் பசித்திருத்தல் உலகத்துத் துன்பங்களுள் மிகவும் விந்தையானது. இதனை நீக்க அமெரிக்க ஐக்கிய நாட்டார் செய்த முயற்சியின் வரலாறு நம்மனோர் அறிந்து சிந்திக்கத் தக்கதாம்.

1933-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வாணிகம் முடங்கி, வேலையின்மை பெருகியிருந்தது. விளைபொருள்களின் விலையை உயர்த்தக் கருதிய அரசாங்கத்தார் ஏறக்குறைய 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொல்வித்தனர். வளர்ந்து நின்ற பருத்தியையும் உழுது மடக்கச் செய்தனர். ஏழைகள் உணவின்றி வாடுங்கால் உணவை அழித்தல் அடாதென்று ஜனங்கள் வெகுண்டனர். அதன் பயனாக, மிகுதிப் பொருளை வாங்கி எளியோர்க்கு வழங்கும் ஸ்தாபனம் ஒன்று அவ்வாண்டிலேயே ஏற்பட்டது. 1935-இல், சுங்க வருவாயில் நூற்றுக்கு 30 பங்கு வேளாண்மைப் பொருள்களுக்குச் சந்தை தேடும் பொருட்டு ஒதுக்கப்பட்டது. 1946 ஜூன் 4-இல் ஜனாதிபதி ட்ரூமன் பள்ளிப் பகலுணவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். பிள்ளைகள் உடல்நலம் பெறுதலும், உள்நாட்டு விளைபொருள் செலவாதலும் ஆகிய இரண்டுமே அச்சட்டத்தின் நோக்கங்களாம். 1967-இல் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் உணவு வங்கி என்னும் அறச்சாலையை நிறுவினார்.

ஆயினும் ஒரு குறை நின்றது. மொத்தமாகவும் மலிவாகவும் வாங்குமிடத்துப் பெரும் பண்ணையாரே முந்தினர். பள்ளிக்கு அடுத்த கழனியை உழும் சிறு குடியானவன் பிந்தினான். இக்குறை தீர்க்க, 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணையையும் பள்ளியையும் இணைக்கும் மானியத்துக்கென ஆண்டுதோறும் 50 லட்சம் டாலர் வகுத்தது. கொள்ளைநோய்க் காலத்தில், 2021-இல், இன்னும் பெரிய இரண்டு திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி, அந்தந்த மாகாணத்திலோ 400 மைலுக்குள்ளோ விளைந்த உணவுப் பொருள்கள் வாங்கப்பெற்றுப் பள்ளிகட்கும் உணவு வங்கிகட்கும் சென்றன. சிறு குடியானவர்க்கு நிச்சயமான கொள்வோர் வாய்த்தனர்.

அந்தோ! 2025 மார்ச்சு மாதத்தில், அவ்விரண்டு திட்டங்களுக்கும் மேலும் தருவதாகக் கூறியிருந்த 100 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை அரசாங்கத்தார் நிறுத்திவிட்டனர். அது விதைப்புக்கு ஆயத்தமாகும் பருவம். அவ்வாக்கை நம்பிப் பயிரைத் திட்டமிட்டோர் திகைத்தனர்.

அன்பர்கள் ஊன்றி நோக்குக. அக்குடியானவர் பெற்றது பிச்சையன்று. தம் உழைப்புக்குரிய விலை. அவ்விலையே பிள்ளைகட்குச் சோறாகவும் ஆயிற்று. ஒரே பொருள் இரண்டு அறங்களைச் செய்தது. ஆனால் உழவுக்குக் காலம் உண்டு. விதைத்தவன் அறுவடைவரை பொறுத்திருக்கிறான். அவனுக்கு வாக்களித்தோரும் அறுவடைவரையேனும் அவ்வாக்கில் நிற்றல் வேண்டும். நடுவில் தவறும் உதவி, முன்னமே இல்லாத உதவியினும் கொடிதாம்.